பழந்துணியும் பிள்ளை மனமும்

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த தனுவச்சபுரமும் அதனை அடுத்த பாறசாலைப் பகுதியும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைக் கிராமங்களாகும். ஜூன் மாதத்தில் பள்ளிகளும் மழைக்காலமும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இங்குத் தொடங்குகின்றன. அங்கன்வாடிக்குப் புதிதாக வரும் மூன்று வயதுக் குழந்தைகளுள் ஒன்றிரண்டு, கையில் ஏதேனும் ஒரு பழந்துணியை இறுகப் பற்றிக்கொண்டு வருவதை ஆசிரியைகள் அறிவர். அது தாயின் கிழிந்த நேரியலாக இருக்கலாம். தொட்டிலாகக் கட்டிய சேலையின் ஒரு துண்டாக இருக்கலாம். பாட்டியின் துவர்த்தாகவும் இருக்கலாம். நிறம் மங்கி, ஓரம் நைந்து, ஒருவித வாடையும் வீசும் அத்துணியை யாரேனும் வாங்கி வைக்க முற்பட்டால் குழந்தை கதறி அழுகிறது. அதற்கு ஈடாகப் புத்தம் புதிய பொம்மையை நீட்டினாலும் அது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இதனைப் பிடிவாதம் என்றும், அசுத்தமான பழக்கம் என்றும், மிகுந்த செல்லத்தின் விளைவு என்றும் கருதுவோர் பலர். "பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இன்னும் தொட்டில் துணியா?" என்று கேட்டு நாணச் செய்வதும், குழந்தை உறங்கும்போது துணியை மறைத்துவிடுவதும் உண்டு. ஆனால் கடந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்றுவரும் ஆராய்ச்சிகள் இவ்வழக்கத்தைப் பற்றி வேறுவிதமான முடிவையே அளிக்கின்றன. குழந்தைகளுடன் பழகும் ஊழியர்களும் ஆசிரியர்களும் அம்முடிவுகளை அறிந்திருத்தல் நலம்.

ஒரு குழந்தை மருத்துவரின் கண்டுபிடிப்பு

இலண்டனில் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் சுமார் நாற்பது ஆண்டுக் காலம் பணியாற்றிய டொனால்ட் வினிகாட் என்னும் மருத்துவர், ஆயிரக்கணக்கான தாய்மார்களையும் சேய்களையும் கூர்ந்து கவனித்தவர். 1951ஆம் ஆண்டில் அவர் வாசித்து, 1953இல் அச்சில் வந்த கட்டுரை ஒன்றில், குழந்தைகள் பற்றிக்கொள்ளும் கந்தல் துணி, போர்வை நுனி, கரடிப் பொம்மை ஆகியவற்றுக்கு 'இடைநிலைப் பொருள்' எனப் பொருள்படும் ஒரு பெயரை வழங்கினார்.

இப்பெயரின் கருத்து எளியது. பிறந்த சில மாதங்கள் வரை குழந்தைக்குத் தான் வேறு, தாய் வேறு என்னும் தெளிவு இல்லை. பின்னர் தாய் தன்னை விட்டு அகல்வதும் திரும்புவதுமான ஒரு தனி ஆள் என்பதை அது மெல்ல மெல்ல உணர்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு பாலமாகத் துணி அமைகிறது. பொதுவாக நான்காம் மாதத்திற்கும் பன்னிரண்டாம் மாதத்திற்கும் இடையில் இப்பற்று தோன்றுவதாக வினிகாட் குறிப்பிட்டார். குழந்தை அத்துணியைக் கொஞ்சும், கடிக்கும், இழுத்து எறியவும் செய்யும். ஆயினும் தன் விருப்பமின்றி அதில் எந்த மாற்றமும் நேர்வதை அது பொறுத்துக்கொள்ளாது. துணியைத் துவைத்துவிட்டாலே அதன் பொருளும் மதிப்பும் குழந்தைக்குக் குலைந்துவிடக்கூடும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

பாலைவிடத் துணியை நாடிய குரங்குக் குட்டிகள்

குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவே என்னும் கொள்கை ஒரு காலத்தில் வலுவாக நிலவியது. அதனை அசைத்தது அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ நடத்திய பரிசோதனை. நம் நாட்டின் வடபகுதிகளில் சாதாரணமாகக் காணப்படும் ரீசஸ் இனக் குரங்குகளையே அவர் இதற்குப் பயன்படுத்தினார்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டதே ஒரு துணிதான். தாயிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட குட்டிகள், கூண்டின் தரையில் விரித்திருந்த மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. சுத்தம் செய்வதற்காக அதனை எடுத்தபோது அவை பெரிதும் கலவரமடைந்தன. இதனைக் கண்ட ஹார்லோ, இருவகைச் செயற்கைத் தாய்களை அமைத்தார். ஒன்று வெறும் கம்பி வலையால் ஆனது. மற்றொன்று மரக்கட்டையின் மீது ரப்பர் பஞ்சு சுற்றி, அதன்மேல் மென்மையான துவாலைத் துணி போர்த்தியது. சில குட்டிகளுக்குக் கம்பித் தாயிடம் மட்டுமே பால் கிடைக்குமாறு செய்யப்பட்டது. அவையுங்கூடப் பால் குடிக்கும் சிறிது நேரம் தவிர, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கழித்தன.

1958இல் வெளியான இவ்வாராய்ச்சியின் மற்றொரு பகுதி ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படுவதாகும். பழக்கமில்லாத ஓர் அறையில் தனியே விடப்பட்ட குட்டி, மூலையில் ஒடுங்கி நடுங்கியது. அதே அறையில் துணித் தாயை வைத்ததும் குட்டி ஓடிச்சென்று அதனைக் கட்டிக்கொண்டது. சற்றுப் பொறுத்து, அங்கிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கியது. அச்சம் தோன்றும்போதெல்லாம் திரும்பி வந்து மீண்டும் சென்றது. பற்றிக்கொள்ள ஓரிடம் இருந்ததனாலேயே அது துணிந்து வெளியே சென்றது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. இவ்வாறு தாயைப் பிரித்து வளர்த்த குட்டிகள் பிற்காலத்தில் கடும் மனக்கேடுகளுக்கு ஆளாயின என்பதையும், இத்தகைய பரிசோதனைகள் இன்று கொடியவை எனக் கண்டிக்கப்படுகின்றன என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும்.

மனிதக் குழந்தைகளிடமும் இவ்வுண்மை காணப்பட்டது. பாஸ்மன், வைஸ்பர்க் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், போர்வையிடம் பற்றுள்ள குழந்தைகள் புதிய அறையில் அப்போர்வையுடன் விடப்பட்டபோது, தாய் அருகில் இருந்தாற்போலவே அழாமல் விளையாடின. விருப்பமான விளையாட்டுப் பொருள் மட்டும் இருந்தபோது அத்தகைய பயன் விளையவில்லை.

புதியது ஏன் ஈடாகாது?

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பொருளின் இயல்பு. இதே நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள பாலராமபுரம், 2009இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி ஆடைகளுக்குப் புகழ்பெற்றது. தறியிலிருந்து வரும் புதிய பருத்தித் துணி கஞ்சியேற்றப்பட்டு விறைப்பாக இருக்கும். பல நூறு முறை துவைத்தபின் கஞ்சி நீங்கி, இழை தேய்ந்து, துணி தோலுக்கு இதமாகிறது. பாலும் வியர்வையும் கலந்த தாயின் மணமும் அதில் ஊறியிருக்கும். பிறந்து ஒரு வாரமே ஆன சிசுக்கள், தம் தாயின் மார்பில் வைத்திருந்த பஞ்சுத் துணியின் பக்கமே பிறர் துணியைவிட மிகுதியாகத் தலையைத் திருப்பின என்று 1975இல் மக்ஃபார்லேன் என்பவர் தெரிவித்தார். வீட்டார் வெறும் வாடை என்று ஒதுக்குவதைக் குழந்தை தாயின் முகவரியாகக் கொள்கிறது.

இரண்டாவது காரணம் மனத்தைச் சார்ந்தது. 2008இல் புரூஸ் ஹூட், பால் புளூம் ஆகியோர் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஓர் இயந்திரத்தைக் காட்டி, அது எப்பொருளையும் அச்சாக அவ்வாறே படைக்கும் என்று நம்பச் செய்தனர். மற்றப் பொருள்களாயின் புதிய படியை எடுத்துக்கொள்ளக் குழந்தைகள் இசைந்தனர். தம்முடன் உறங்கும் பொருளாயின் பெரும்பாலோர் பழையதையே திரும்பக் கேட்டனர். சிலர் அதனை இயந்திரத்தில் வைக்கவும் மறுத்துவிட்டனர். வடிவில் ஒன்றேயாயினும் தன்னுடன் வாழ்ந்த பொருள் வேறு என்னும் உணர்வு இவ்விளம் வயதிலேயே அமைந்துவிடுகிறது.

துணியில்லாக் குழந்தைகள்

எல்லாக் குழந்தைகளும் இவ்வாறு துணியைப் பற்றுவதில்லை. 1970இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், கிராமக் குழந்தைகளுள் நூற்றுக்குச் சுமார் 5 பேரிடமே இப்பழக்கம் இருந்தது. ரோம் நகரக் குழந்தைகளுள் சுமார் 31 பேரிடமும், அந்நகரில் வாழ்ந்த வெளிநாட்டவரின் குழந்தைகளுள் சுமார் 61 பேரிடமும் காணப்பட்டது. தனியறையில் தனிக் கட்டிலில் உறங்கும் குழந்தை துணியைத் தேடுகிறது. தாயின் அருகில் படுத்துறங்கும் குழந்தைக்குத் தாயே துணையாகிறாள். நம் வீடுகளில் தாயின் முந்தானையையோ, கூந்தலையோ, காது மடலையோ பிடித்தபடி உறங்கும் பிள்ளைகள் பலர். ஆகவே துணி இருப்பது குறையும் ஆகாது. இல்லாதிருப்பது குறையும் ஆகாது.

ஆனால் பிரிவு நேரும் காலத்தில் இதன் முக்கியத்துவம் பெருகுகிறது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் எடுத்த ஒரு படம், சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனித்திருந்த இரண்டரை வயதுச் சிறுமியைக் காட்டுகிறது. கரடிப் பொம்மையையும் பழைய போர்வையையும் அணைத்தவாறு அவள் அழுகையை அடக்கிக்கொள்ளும் காட்சி பலருடைய மனத்தையும் மாற்றியது. குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிக் காண இடமளிக்கவேண்டும் என 1959இல் பிரிட்டனில் பிளாட் குழு பரிந்துரைத்தது. துணி தாய்க்கு ஈடாகாது. தாய் வரும்வரை தாங்கிப் பிடிப்பது மட்டுமே அதன் பணி என்பதையும் அப்படம் உணர்த்துகிறது.

எல்லைக் கிராமங்களில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த குழந்தை, அங்கன்வாடியில் மலையாளப் பாட்டையும் மலையாள ஏவலையும் கேட்கிறது. முகம் புதிது, இடம் புதிது, சொல்லும் புதிது. வீட்டிலிருந்து மாறாமல் உடன்வந்த ஒரே பொருள் கையிலுள்ள துணிதான். அதனைப் பறித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், குழந்தையின் கவனம் முழுவதும் பறிபோன பொருளின் மீதே நிற்கும்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் கைக்கொள்ளத்தக்கவை

1. முதல் சில வாரங்கள் துணியை உடன்வைத்திருக்க விடுக. குழந்தை விளையாட்டில் ஈடுபட்டதும், அதன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டி வைக்கலாம். கேட்டவுடன் தருதல் வேண்டும்.

2. பிற குழந்தைகளின் முன் கேலி செய்தலும், ஒளித்து வைத்தலும், எரித்துவிடுவதாக அச்சுறுத்தலும் கூடா.

3. தூய்மை இன்றியமையாதது. ஆயினும் குழந்தைக்குத் தெரியாமல் துவைக்கலாகாது. துணியை இரண்டாகக் கிழித்து, தொடக்கத்திலிருந்தே மாற்றி மாற்றிப் பழக்கினால், மழைக்காலத்தில் ஒன்று உலரும்வரை மற்றொன்று உதவும்.

4. ஒரு வயது நிரம்பாத சிசு உறங்கும் இடத்தில் தளர்ந்த துணி, தலையணை, பொம்மை முதலியன வைத்தலாகாது; மூச்சடைக்கும் அபாயம் உண்டு. நீண்ட துணி கழுத்தில் சுற்றாதவாறு கைக்குட்டை அளவாக்கித் தருமாறு தாய்மார்க்கு அறிவுறுத்துக.

5. மருத்துவமனைக்கோ, உறவினர் வீட்டுக்கோ அனுப்பும்போது துணியையும் மறவாது அனுப்பச் சொல்லுக.

6. துணியிருந்தும் ஆறுதலடையாமல், விளையாடாமல், பேச்சும் உணவும் குறைந்து ஒடுங்கியே இருக்கும் குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அங்கே கவலைக்குரியது துணியன்று. அக்குழந்தையின் துயரமே ஆகும்.

இப்பற்று எப்போது ஒழியும் என்று பெற்றோர் கேட்பது வழக்கம். பெரும்பாலான குழந்தைகளிடம் அது தானாகவே தளர்கிறது. தோழரும் ஆட்டமும் பாட்டும் பெருகப் பெருக, முதலில் பகலிலும் பிறகு இரவிலும் துணியின் தேவை குறைகிறது. குழந்தை அதனை வெறுப்பதும் இல்லை. இழந்ததாக எண்ணி வருந்துவதும் இல்லை. ஒரு நாள் அத்துணி அங்கன்வாடியின் ஆணியில் தொங்கியபடியே இருக்க, குழந்தை அதனை மறந்து வீட்டுக்கு ஓடிவிடும். அந்நாளைக் கண்ட ஆசிரியை, துணியை மடித்துப் பத்திரமாக வைத்திருந்து மறுநாள் காலையில் கொடுப்பாராயின், தம் கடமையை நன்கு செய்தவராவார்.