தூண்டில் மீனின் ரூபமும் ருசியும்

ஐரோப்பாவின் மேற்குக் கரையோரக் கடல்களிலும், மத்தியதரைக் கடலிலும், ஜப்பானைச் சூழ்ந்த சமுத்திரத்திலும் அடித்தரையோடு ஒட்டிக்கிடந்து ஜீவிக்கும் தூண்டில் மீனை முதன்முறையாகப் பார்ப்பவர், இதையும் மனிதர் ஆகாரமாகக் கொள்வதுண்டோ என்று ஐயுறுவது இயல்பே. உடம்பில் பெரும்பங்கு தலை. தலையில் பெரும்பங்கு வாய். வாய் நிறைய ஊசிப் பற்கள். செதிலே இல்லாத வழவழத்த தோல். தாடை ஓரங்களிலும் விலாப்புறங்களிலும் கந்தலாகத் தொங்கும் சதைத் துணுக்குகள். ஆயினும், அவலட்சணம் என்று நாம் ஒதுக்கும் இவ்வம்சங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் உண்டு. அந்த ஜீவனத்துக்கு ஏற்ப அமைந்த உடம்பே சமையலறையில் இதற்குத் தனிப்பெருமையைத் தேடித் தந்திருக்கிறது.

இரையைத் துரத்திப் பிடிக்கும் வேகம் இம்மீனுக்கு இல்லை. மணலிலோ சேற்றிலோ பாதி புதைந்து, சதைத் துணுக்குகளால் உடம்பின் விளிம்பு தெரியாதபடி பாசியோடு பாசியாக மறைந்து, அசையாமல் காத்துக் கிடக்கிறது. முதுகுத் துடுப்பின் முதல் முள், தலையின் முன்பகுதிக்கு வந்து தனித்து நின்று, தன் நுனியில் ஒரு சிறு சதைக் கொடியைத் தாங்கி ஆடுகிறது. அதை ஏதோ ஒரு புழுவென்று எண்ணி நெருங்கும் சிறு மீன், பெரிய வாய் திறக்கும் கணத்தில் நீரோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்படுகிறது. உட்புறம் சாய்ந்த பற்கள் அதை மீள விடுவதில்லை. இந்தத் தந்திரத்தைக் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், 2,300 ஆண்டுகளுக்கு முன்பே பிராணிகளைப் பற்றிய தம் நூலில் விவரித்திருக்கிறார். ஐரோப்பிய இனத்துக்கு லின்னேயஸ் 1758-இல் இட்ட சாஸ்திரப் பெயர் லோஃபியஸ் பிஸ்கடோரியஸ்.

நெடுந்தூரம் நீந்தாமல், கண நேரப் பாய்ச்சலையே நம்பி வாழும் இம்மீனின் வால்புறத் தசை வெண்மையாகவும் கெட்டியாகவும் கொழுப்புக் குறைந்தும் இருக்கிறது. கொழுப்பெல்லாம் ஈரலில் சேர்கிறது. விலா எலும்புகள் இல்லாதபடியால், நடுமுள் ஒன்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது முழுவதும் சதையே. அதைப் போர்த்திய மெல்லிய சவ்வைச் சமைப்பதற்கு முன் உரித்துவிட வேண்டும். இல்லையேல் சூட்டில் சவ்வு சுருங்கிச் சதையையும் முறுக்கிவிடும். வெந்த சதை சிங்கி இறாலை நினைவூட்டும் என்பது மேல்நாட்டுச் சமையல்காரர்களின் அபிப்பிராயம். பிரான்சின் தென்கரையிலுள்ள செத் துறைமுகத்தில், இதன் துண்டங்களைக் காய்ச்சாற்றில் வேகவைத்து, பூண்டும் முட்டைக்கருவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த விழுதால் அச்சாற்றைக் கெட்டியாக்கி, 'பூரீத்' என்னும் குழம்பாகப் பரிமாறுகிறார்கள்.

வாலை மட்டும் வைத்துக்கொண்டு தலையைக் கடலில் எறிவது மேல்நாட்டு மீனவர் பலரின் வழக்கம். ஜப்பானிலோ, குறிப்பாகப் பசிபிக் கரையிலுள்ள இபராக்கி மாநிலத்தில், தசை, தோல், துடுப்பு, செவுள், இரைப்பை, சினைப்பை, ஈரல் என்னும் ஏழு பகுதிகளும் உணவாகின்றன. குளிர்காலத்தில் அங்கே இம்மீனை அறுக்கும் முறை காணத் தக்கது. குழைந்து வழுக்கும் உடம்பு பலகையில் நிலைகொள்ளாதாகையால், கீழ்த்தாடையைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு, ஆடாமல் நிற்பதற்காக வயிற்றில் நீரை வார்க்கிறார்கள். பின்னர்த் துடுப்புகளை அரிந்து, தோலை ஒரே இழுப்பாக உரித்து, வயிற்றைத் திறந்து ஈரலைச் சேதமின்றி எடுத்து, தசையைப் பிரிக்கிறார்கள். முடிவில் கொக்கியில் மிஞ்சுவது தாடை மாத்திரமே.

ஈரலே இவற்றுள் தலைசிறந்த பதார்த்தம். ரத்தக் குழாய்களைக் களைந்து, உப்பு நீரில் ஊறவைத்து, அரிசி மதுவான சாக்கே தெளித்து, உருளையாகச் சுருட்டி ஆவியில் அவித்து, ஆறியபின் வில்லைகளாக அரிந்து, புளிப்பேறிய சோயாச் சாற்றோடு உண்கிறார்கள், இதுவே 'அங்கிமோ'. 'தோபுஜிரு' என்பதோ குடிநீர் அரிதான படகுகளில் மீனவர் கண்ட பக்குவம்: ஈரலைச் சட்டியில் வறுத்து, சோயா விழுதான மிசோவைக் கலந்து, மீன் துண்டங்களையும் முள்ளங்கியையும் இட்டு, தண்ணீரே வார்க்காமல், அவை விடும் நீரிலேயே கொதிக்கவைப்பது. இந்த ஈரலில் ஏ வைட்டமின் மிக அதிகமாகையால், கர்ப்பிணிகள் இதைத் தவிர்ப்பது நலம்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நெடுங்காலம் வலையில் சிக்கியும் மதிப்பின்றிக் கழிக்கப்பட்ட இதன் உறவினம், 1970-களுக்குப் பின் கிராக்கி ஏறவே, அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்துபோய், 1999-இல் அரசாங்கம் ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுக்க நேர்ந்தது. ரூபத்தைக் கண்டு ஒதுக்குவதும் ருசியைக் கண்டு சூறையாடுவதும் சமமான பிழைகளே. பிடிப்பதற்கு வரம்பும், பிடித்ததில் ஒரு பங்கையும் வீணாக்காத இபராக்கி மீனவரின் ஒழுங்கும் சேர்ந்திருந்தால்தான் இம்மீன் வருங்காலத்தவருக்கும் உணவாக நிலைக்கும்.