குறைமாதப் பிள்ளைக்கு ‘நல்ல கிருமி’ மாவு கொடுக்கலாமா?



தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, பிள்ளை பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? ஒருவர் ஓமத் தண்ணி என்பார். இன்னொருவர் மருந்துக் கடையில் வாங்கிய ‘புரோபயோட்டிக்’ மாவைப் பையிலிருந்து எடுப்பார். “வயித்துக்கு நல்லதாம்மா, ஒரு சிட்டிகை பாலில் கலந்து குடு” என்பார். அன்போடு கொண்டு வந்ததுதான். ஆனாலும் பிள்ளை வாயில் வைக்குமுன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

புரோபயோட்டிக் என்பது உயிருள்ள கிருமி. தயிரில் இருக்கும் கிருமிக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். நமக்கு அது பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. நிறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் குடலில் இவை தாமாகவே வந்து குடியேறும். மாதம் குறைந்த பிள்ளைக்கோ குடல் இன்னும் முற்றவில்லை. கெட்ட கிருமி முந்திக்கொண்டால், குடல் வீங்கி அழுகிப்போகும் கொடிய நோய் வரக்கூடும். அதைத் தடுக்கத்தான் டாக்டர்கள் நல்ல கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

பலன் இருந்ததா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,099 பிள்ளைகளை வைத்துச் செய்து 2013-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், அந்த நோய் நூற்றுக்கு 4.4 பேரிலிருந்து 2 பேராகக் குறைந்தது. இங்கிலாந்தில் 1,315 பிள்ளைகளிடம் வேறொரு கிருமியைச் சோதித்து 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் பலன் இல்லை. ஆகவே எல்லா மாவும் ஒன்றல்ல. நம் இந்தியாவில், ஒடிசாவில், 4,556 பிள்ளைகளிடம் நல்ல பலன் கிடைத்ததாக 2017-ல் செய்தி வந்ததே என்று சிலர் கேட்கலாம். வந்தது உண்மை. ஆனால் அவை இரண்டு கிலோவும் அதற்கு மேலும் இருந்த பிள்ளைகள். அந்தக் கணக்கை ஒரு கிலோ பிள்ளைக்குப் போடக்கூடாது.

ஆபத்தைச் சொல்கிறேன். 2014-ல் அமெரிக்காவில் இப்படியொரு மாவில் பூஞ்சணம் கலந்திருந்தது. அதைக் குடித்த குறைமாதப் பிள்ளை இறந்துபோனது. 2023-ல் அங்கேயே, ஒரு கிலோவுக்கும் குறைவான இன்னொரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலேயே கொடுத்த ‘நல்ல கிருமி’ இரத்தத்தில் ஏறி உயிர் போயிற்று. பூஞ்சணம் எதுவும் இல்லை, கொடுத்த அதே கிருமிதான். அந்நாட்டு மருந்து அதிகாரிகள் டாக்டர்களுக்கே எச்சரிக்கை அனுப்பினார்கள். உலக சுகாதார நிறுவனமோ 2022-ல், 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை யோசிக்கலாம் என்றது. ‘கொடுத்தே ஆக வேண்டும்’ என்று சொல்லவில்லை. பெரிய டாக்டர்களே இன்னும் ஒருமனப்படாத விஷயம் இது. நாம் வார்டில் ஒளித்துக் கொடுக்கலாமா?

டாக்டர் கொடுக்கச் சொன்னால், எந்தக் கிருமி, எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தாயின் பாலைக் கறந்து மிஸ்ஸியிடம் கொடுங்கள். அந்தப் பாலிலேயே நல்ல கிருமிக்கு வேண்டிய சத்து இருக்கிறது. டாக்டர் சம்மதித்தால் பிள்ளையை நெஞ்சோடு, தோலோடு தோல் ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். அப்பனும் வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். இராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏதாவது மாவு கொடுத்திருந்தால், அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.