கட்டத்தின் மூலையில் ஓர் எழுத்து

யாழ்ப்பாணத்து அரியாலைக் கிணறுகளின் நிலையை ஒரே வரைபில் சொல்லிவிட முடியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அதைக் காக்க 1950களில் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தில் அரியாலைத் தடுப்பணைக்கும் பங்குண்டு. மழை, கிணற்று நீர்மட்டம், உவர்ப்பு மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்று மற்றதை எப்படி மாற்றுகிறது என்பது புரியும்.

அப்படி மூன்று கட்டங்களாக வரைந்த படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அ, ஆ, இ என்று அடையாள எழுத்து வேண்டும். ‘ஆ’ இரண்டு கட்டங்களுக்கு நடுவே தொங்கினால், உவர்ப்பு ஏறுவதை நீர்மட்டம் ஏறுவதாக ஒருவர் வாசித்துவிடக்கூடும். கையால் இழுத்து வைத்தால், அடுத்த மாத அளவீடு சேர்ந்ததும் மறுபடி இழுக்க வேண்டும். ஆகவே இதை நிரலிடமே விடுவது நல்லது.

நரம்பியல் ஆய்வாளர் ஜோன் ஹன்ரர் உருவாக்கி, 2003இல் வெளிவந்த மட்பிளொட்லிப் என்ற பைதன் நிரலகத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தின் இடத்தைத் தரவின் அளவில் சொன்னால், பெருமழை பதிவாகி அச்சு நீளும்போது எழுத்தும் நகர்ந்துவிடும். கட்டத்தின் அளவில் சொல்லலாம்: இடது கீழ்மூலை 0,0, வலது மேல்மூலை 1,1. பலர் எழுதுவது −0.1, 1.05. இதிலும் ஒரு சிக்கல். மேலே மழைக் கட்டம் 16 செ.மீ. அகலம், கீழே மற்ற இரண்டும் 7 செ.மீ. என்றால், ‘அ’ 16 மி.மீ. இடப்பக்கம் தள்ளி நிற்கும். ‘ஆ’ 7 மி.மீ. மட்டுமே தள்ளும். ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டிய எழுத்துகள் கோணலாகிவிடும்.

சரியான வழி கட்டத்தின் அளவையும் மாறாத தூரத்தையும் சேர்ப்பது. முதலில் 0,1 என்று இடது மேல்மூலையில் நங்கூரமிட்டு, அங்கிருந்து 20 புள்ளி இடப்பக்கமும் 7 புள்ளி மேலேயும் நகர்த்தச் சொல்ல வேண்டும். 72 புள்ளி ஓர் அங்குலம்; 20 புள்ளி ஏறத்தாழ 7 மி.மீ. கட்டம் பெருத்தாலும் சிறுத்தாலும் இந்தத் தூரம் மாறாது. அச்சின் எண்கள் நீளமாக இருந்தால் இன்னும் சற்றுத் தள்ளலாம், ஆனால் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அளவில்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. இயல்பாக வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை; வெறும் பெட்டிகள்தான் தெரியும். தமிழ் எழுத்துருவின் பெயரை நிரலில் கொடுத்துவிட்டால், தனியெழுத்தான அ, ஆ, இ பிசகின்றி வரும். சேமிக்கும்போது விளிம்பை உள்ளடக்கத்துக்கேற்ப ஒட்ட வெட்டும்படி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கட்டத்துக்கு வெளியே வைத்த எழுத்துத் தாளின் ஓரத்தில் அறுபடலாம்.