அண்ணன் பிள்ளை பெரிது, தங்கை பிள்ளை சிறிது: ஏன்?

வாய்க்குள் அடங்காத நாக்கு, மாதத்துக்கு மீறிய எடை, காது மடலில் மெல்லிய கீறல். பெக்வித்–வீடமன் குறைபாட்டின் அடையாளங்கள் இவை.

11ஆம் குரோமோசோமின் நுனியில் ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி மரபணு உண்டு. அப்பா தந்த பிரதிதான் வேலை செய்யும். அம்மா தந்தது அடங்கிக் கிடக்கும். அரிதாகச் சிலருக்கு அந்தப் பகுதி இரட்டித்திருக்கும். அது அப்பா வழி வந்தால் வளர்ச்சிக் கட்டளையும் இரட்டித்து, மேற்சொன்ன குறைபாடு வரலாம். அதே துண்டு அம்மா வழி வந்தால் குழந்தை சிறுத்துப் பிறக்கலாம். என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்: ஒரே இரட்டிப்பைச் சுமக்கும் அண்ணன் பிள்ளை பெருக்கும், தங்கை பிள்ளை சிறுக்கும்.

வீட்டில் இப்படிப் பெருத்த பிள்ளை பிறந்தால், ‘கொழுகொழு பிள்ளை’ என்று பூரித்துவிட்டு இருந்துவிடக் கூடாது. முதல் நாட்களில் ரத்தச் சர்க்கரை இறங்கலாம். சிறுநீரகக் கட்டி வரலாம். அதனால்தான் 7 வயதுவரை 3 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.