வணிக விதி மென்பொருளைத் தேருமாறு

விதியின்றி வாணிகம் நடைபெறாது. கடன் கொடுக்குமிடத்து யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதும், ஊழியர் ஒருவர் விலகுமிடத்து அவருக்குச் சேரவேண்டியது யாது என்பதும் விதியினாலேயே துணியப்படுகின்றன. முன்னாளில் இவ்விதிகள் தலைமை எழுதுவினைஞரின் நினைவிலும் பேரேட்டின் ஓரக் குறிப்பிலும் வாழ்ந்தன. இன்றோ அவை கணினி நிரலுக்குள் புகுந்துவிட்டன. அங்கே எவ்விடத்தில் இருக்கின்றன என்று கேட்டால், நிரலை எழுதினவரையன்றி வேறெவரும் விடை சொல்லார். அவர் வேலையை விட்டுச் சென்றபின், கம்பனி தன் விதியைத் தானே அறியாத நிலையை எய்துகின்றது. இவ்விடருக்குப் பரிகாரமாக எழுந்ததே வணிக விதி மேலாண்மை மென்பொருள். அதனை ஒரு கம்பனி எவ்வாறு ஆராய்ந்து தேரவேண்டும் என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் அடிப்படைக் கருத்து எளியது. செய்யும் தொழிலையும் அத்தொழிலை ஆளும் விதியையும் வேறு பிரித்து வைத்தல் என்பதே அது. விற்பனைச் சிட்டை எழுதுவது தொழில். அதில் வரி நூற்றுக்கு எத்துணை என்பது விதி. தொழில் பல்லாண்டு மாறாதிருக்கலாம். விதி அடிக்கடி மாறும். இலங்கையின் பெறுமதி சேர் வரியையே நோக்குவோம். 2019 திசெம்பர் 1 இல் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்த அது, 2022 யூன் 1 இல் 12 ஆகவும், அவ்வாண்டு செப்டெம்பர் 1 இல் 15 ஆகவும், 2024 சனவரி 1 இல் 18 ஆகவும் உயர்ந்தது. விகிதத்தை நிரலின் பல இடங்களிற் பொறித்து வைத்த கம்பனி ஒவ்வொரு முறையும் நிரல் முழுவதையும் துருவவேண்டியிருந்திருக்கும். ஓரிடத்தில் வைத்த கம்பனியோ அவ்வோரிடத்தைத் திருத்தியிருக்கும்.

இக்கருத்துப் புதியதன்று. 1970களில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்னும் முறை, தொற்று நோய்களுக்கு மருந்து கூறுதற்குரிய அறிவை, 'இஃது இவ்வாறாயின் இதனைச் செய்க' என்னும் வடிவில் நூற்றுக்கணக்கான விதிகளாக வைத்திருந்தது. விதிகள் பலவாயினும் விரைந்து பொருத்திப் பார்க்கும் வழியைக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துச் சார்ள்ஸ் போர்ஜி வகுத்தார். இலத்தீனில் 'வலை' எனப் பொருள்படும் 'றீற்றி' என்பது அதன் பெயர். அவ்வழி வந்த மென்பொருள்கள் இன்று பல உள. ஐ.பி.எம். நிறுவனம் 2009 இல் வாங்கிய ஐலொக் என்னும் பிரெஞ்சுக் கம்பனியின் மென்பொருளும், 2001 இல் தொடங்கிய, மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும் ட்ரூல்ஸ் என்பதும் பலரறிந்தவை.

இனித் தேர்வுக்கு வருவோம். முதற்கண் கேட்கவேண்டியது, 'எது சிறந்தது?' என்பதன்று, 'நமக்கு இது வேண்டுமா?' என்பதே. விதிகள் சிலவாய், ஆண்டுக்கொருமுறை மாறுவனவாயின், ஓர் அட்டவணையே போதும். விதிகள் பலவாய், அடிக்கடி மாறுவனவாய், ஒன்றோடொன்று பின்னியனவாய், பிழைத்தால் வழக்கிலோ நட்டத்திலோ முடிவனவாய் இருந்தாலன்றி இம்மென்பொருளின் செலவும் பயிற்சியும் வீணாகும்.

வேண்டும் எனத் துணிந்தபின், விற்பனையாளரை அழைக்குமுன் கம்பனி தன் விதிகளிற் சிலவற்றைத் தானே தெளிவாக எழுதிப் பார்த்தல் வேண்டும். பணிக்கொடையை எடுத்துக்கொள்வோம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழிலாளர் விலகுவதற்கு முந்திய 12 மாதங்களில் எந்நாளிலேனும் 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை வைத்திருந்த தொழில்தருநர், 5 ஆண்டு சேவையை நிறைவு செய்தவருக்குப் பணிக்கொடை அளித்தல் வேண்டும். மாதச் சம்பளம் பெறுபவராயின் நிறைவுற்ற ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம். ஏனையோர்க்கு 14 நாட் சம்பளம். இங்கே 'எந்நாளிலேனும்' என்னும் சொல்லைக் கவனியாத நிரலாளர் இன்றைய தொகையை மட்டும் எண்ணுவார். இன்று 13 பேர் உளர் எனக் கணினி கூற, ஆறு மாதத்தின் முன் 16 பேர் இருந்தமை மறைந்து, பல்லாண்டு உழைத்தவர் தமக்குரியதை இழப்பார். ஆதலின் சட்டம் அறிந்தவரே விதியை வாசித்துச் சரிபார்த்தற்கு ஏற்றதாக மென்பொருள் அமைதல் வேண்டும். இதுவே முதலாவது சோதனை. மேற்கூறிய மூன்று நிபந்தனைகளையும் நிரலாக்கு மொழியிலன்றித் தீர்மான அட்டவணையாக அது காட்டுமா என்று நோக்குக. மூன்று நிபந்தனைக்கும் ஆம், இல்லை என ஈரிரு நிலை கொள்ள எட்டு நிலைகள் உண்டாகும். அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் எச்சரிக்கும் மென்பொருளே நன்று.

இரண்டாவது, முரண் தீர்க்கும் முறை. பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என்னும் பாகுபாடு இலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று. பொதுவிதியால் எய்தியதைச் சிறப்புவிதி விலக்குதல் போல, எல்லார்க்கும் உரிய விலைக்கழிவைக் கடன் தவணை தப்பியவர்க்கு மற்றொரு விதி மறுக்கலாம். இரண்டும் ஒருங்கே பொருந்துமிடத்து எது வெல்லும் என்பதை மென்பொருள் வெளிப்படையாகக் கூறவேண்டும்.

மூன்றாவது, காலம். 2022 யூலையில் நிகழ்ந்த விற்பனையை இன்று மீளக் கணக்கிட்டாலும் 12 சதவீதமே வரவேண்டும். விதிக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்து, பழைய விதியை அழியாது காக்கும் ஆற்றல் இன்றியமையாதது.

நான்காவது, காரணம் கூறல். 'கணினி மறுத்துவிட்டது' என்பது ஒருவர்க்குக் கூறத்தக்க விடையன்று. எவ்விதி, எத்தரவின்மேல், எந்நாளில் இம்முடிவைத் தந்தது என்பதும், அவ்விதியை எவர் திருத்தினார், எவர் ஒப்பினார் என்பதும் பதிவாகியிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, மாற்றத்தைப் பரீட்சித்து ஒழுங்காக வெளியிடும் வசதி. 2012 ஓகத்து 1 இல் அமெரிக்காவின் நைற் கப்பிற்றல் என்னும் பங்குத் தரகு நிறுவனம், புதிய நிரலை எட்டுக் கணினிகளுள் ஒன்றில் நிறுவாது விட்டமையால், அதிற் கிடந்த பழைய நிரல் விழித்தெழுந்து, ஏறத்தாழ 45 நிமிடத்தில் 40 கோடி டொலருக்கு மேல் நட்டம் விளைத்தது. புதியது எங்கும் ஒருங்கே சென்றதா என்று உறுதிப்படுத்தாத மென்பொருளை நம்புதல் ஆகாது.

ஆறாவது, விலகும் வழி. இன்று வாங்கும் கம்பனி நாளை விற்பனையாளரை மாற்ற விரும்பலாம். 2015 இல் வெளிவந்த டி.எம்.என். என்னும் பொது நியமத்தின்படி விதிகளை எழுதவும் வெளியே எடுக்கவும் கூடுமாயின், அவை கம்பனியின் உடைமையாகவே இருக்கும். உரிமக் கட்டணம் கணினியின் அளவுக்கா, பயன்படுத்துவோர் தொகைக்கா, தீர்மானங்களின் எண்ணிக்கைக்கா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இவையனைத்தும் அமைந்தபோதும் ஒன்று எஞ்சுகின்றது. அவுஸ்திரேலிய அரசு 2016 தொடக்கம் நடத்திய 'ரோபோடெற்' திட்டம், ஆண்டு வருமானத்தை இருவாரக் கூறுகளாகச் சராசரியிட்டு, உதவிப்பணம் பெற்றோர்மீது இல்லாத கடனைச் சுமத்தியது. கணினி தன் விதியைப் பிழையறவே செய்தது, விதிதான் பிழை. சில மாதம் உழைத்துச் சில மாதம் வேலையற்றிருந்த ஏழைக்குச் சராசரி பொருந்தாது என்பதை எவ்வியந்திரமும் உணர்த்தவில்லை. அத்திட்டம் நேர்மையுமற்றது, சட்டத்துக்கும் மாறானது என அரச ஆணைக்குழு 2023 இல் அறிக்கையிட்டது.

ஆகவே, விதியை யாவரும் காணுமாறு வைத்தலும், மறவாது காத்தலும், கேட்டபோது காரணம் காட்டலும் மென்பொருளின் கடன். அவ்விதி நீதியாமா என்று ஆராய்தல் மாந்தர் கடன். முன்னதைச் செவ்வனே செய்து, பின்னதற்கு இடங்கொடுக்கும் மென்பொருளே தேரத்தக்கதாம்.