ஆடிப் பார்த்து மதிப்பிட வேண்டிய ஆய்வேடுகள்

வீடியோ கேம்களையும் டிஜிட்டல் ஊடகங்களையும் ஆராயும் முதுநிலை மாணவர்களிலும் முனைவர் பட்ட ஆய்வாளர்களிலும் சிறந்தவர்களை எவ்வாறு அடையாளம் காண்பது என்ற கேள்வி, சென்னையின் ராயப்பேட்டைக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் அந்நியமானதன்று. 1951இல் தொடங்கப்பட்ட புதுக் கல்லூரி அங்கேயே இருக்கிறது. கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸும், நுங்கம்பாக்கத்தில் லயோலாவும், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷன் ஆகியவற்றைக் கற்பிக்கும் காட்சித் தொடர்பியல், மாணவர் வழக்கில் 'விஸ்காம்', இந்நகரில் வேரூன்றி நெடுங்காலமாகிறது. இவ்வளவு இருந்தும், வீடியோ கேமை ஆராய விரும்புபவர் தம் துறையின் பெயராலேயே தகுதி பெற வழியில்லை. ஆய்வு உதவித்தொகைக்கு நுழைவாயிலாக உள்ள யு.ஜி.சி. நெட் தேர்வின் பாடப்பட்டியலில் விளையாட்டு ஆய்வியல் இடம்பெறாததால், இலக்கியம், இதழியல், கணினி அறிவியல் போன்ற வேறொரு பாடத்தின் வழியாகத்தான் அவர் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

விளையாட்டு ஆய்வியல் என்பது மைதான விளையாட்டைப் பற்றிய படிப்பன்று. விதிகளால் கட்டப்பட்ட ஆட்டம் ஒன்று மனிதரிடம் எவ்வாறு பொருள் கொள்கிறது, என்ன கதை சொல்கிறது, யாரை எப்படிச் சித்திரிக்கிறது என்பவற்றை ஆராயும் துறை அது. டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹெய்சிங்கா 1938இலேயே பண்பாட்டின் அடிப்படைகளுள் ஒன்றாக ஆட்டத்தைக் கருதி எழுதினார் என்றாலும், கணினி விளையாட்டுகளுக்கென்றே 'கேம் ஸ்டடீஸ்' என்ற ஆய்விதழ் தோன்றியது 2001இல்தான். டிக்ரா எனப்படும் உலகளாவிய ஆய்வாளர் சங்கம் 2003இல் உருவானது.

இத்துறையில் ஆய்வேடு என்பது எழுத்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் பரிசளிப்போரைத் திணறவைக்கும் செய்தி. தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராக இருந்த ஜெனோவா சென், உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியின் கருத்தொன்றை, அதாவது செயலின் கடினமும் செய்பவரின் திறனும் பொருந்தும்போது மனம் அதில் முழுமையாக ஒன்றிவிடுகிறது என்பதை எடுத்துக்கொண்டு, 2006இல் 'ஃப்ளோ' என்ற விளையாட்டையே தம் ஆய்வேட்டின் பகுதியாக உருவாக்கினார். நீருக்குள் நெளியும் சிற்றுயிர் ஒன்றை ஆடுபவர் இயக்குகிறார். ஒரு நிறத்து உயிரைத் தின்றால் ஆபத்து மிகுந்த ஆழத்துக்கு இறங்கலாம், மற்றொரு நிறத்து உயிரைத் தின்றால் மேலே மீளலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று முன்கூட்டியே கேட்கும் பட்டியல் எதுவும் இல்லாமல், கடினத்தின் அளவை ஆட்டத்துக்குள்ளேயே ஆடுபவர் தீர்மானித்துக்கொள்கிறார். எழுத்தில் கூறிய வாதம் சரியா என்பதை அறிய, தேர்வாளர் அதை ஆடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சென்னும் அவருடைய சக மாணவர்களும் அதற்கு முன்பே, 2005இல், பல்கலைக்கழகத்தின் நிதியுதவியுடன் 'க்ளவுட்' என்ற விளையாட்டைச் செய்திருந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது. படிப்பு முடிந்தபின் வரும் கேடயத்தைவிட, முயற்சி தொடங்கும்போதே கைக்கு வரும் சிறு தொகைதான் மாணவருக்குப் பெரிய அங்கீகாரம்.

இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வேட்டை நெறியாளரும் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களும் மதிப்பிடுகின்றனர். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் நீக்கிவிட்டன. இது நல்ல மாற்றமே. எனினும் 'சிறந்தவர்' யார் என்று தேடும்போது, கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் எளிதில் போய்விடாது. எண்ணிக்கை ஒருபுறமிருக்க, இத்துறையில் பட்டம் பெற வெளிநாடு செல்வதும் உண்டு. வீடியோ கேம் ஆய்வில் இந்தியாவிலிருந்து உலக அளவில் அறியப்பட்டவரான சௌவிக் முகர்ஜி, முனைவர் பட்டம் பெற்றது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில். காலனியத்தை வீடியோ கேம்கள் எவ்வாறு காட்டுகின்றன என்பதை 2017இல் வெளிவந்த அவருடைய நூல் விரிவாக ஆராய்ந்தது.

தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் ஆய்வுப் பொருளுக்காக அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் இருப்பதும், ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது 'பசு' எனப்பட்டு எடுக்கப்படுவதும் பரவலாக அறியப்பட்டவை. ஆனால் தொடக்கத்தில் குழிக்கு எத்தனை காய் இடுவது, பசு யாருக்குச் சேரும், தோற்றவர் அடுத்த சுற்றை எத்தனை குழிகளோடு தொடங்குவது என்பவை வீட்டுக்கு வீடு மாறுகின்றன. இதைக் கைப்பேசிச் செயலியாக்குபவர் இவற்றுள் ஒரு விதியை நிலைநிறுத்தி மற்றவற்றைக் கைவிட நேர்கிறது. களத்தில் மூதாட்டிகளிடம் விதிகளைக் கேட்டு, எவற்றைக் கைவிட்டோம், ஏன் கைவிட்டோம் என்று பதிவு செய்யும் மாணவரின் உழைப்பு, பளபளப்பான செயலியைக் காட்டிலும் உயர்ந்த அறிவுப்பணி. பரிசுக் குழுவின் கண் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும்.

ஆடிப் பார்த்து மதிப்பிடும் முறைக்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் நடைபெறும் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் நடுவர்கள் விளையாட்டுகளை ஆடியே தேர்வு செய்கின்றனர். மாணவர் படைப்புகளுக்கு அங்கே தனி விருதும் உண்டு. 2023இல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', மாணவர் படைப்பு அன்று என்றாலும், அவ்விழாவின் தலையாய பரிசை 2024இல் பெற்றது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய அவ்விளையாட்டில், தாயின் சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகப் பரவும் என்று ஆடுபவரே கண்டறிய வேண்டும். குறிப்பேட்டின் கிழிந்த பகுதியில் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கிறது என்பதை, ஆடாமல் விவரணையை மட்டும் படிக்கும் நடுவர் உணர்வது கடினம்.

பரிசளித்த படைப்பைக் காப்பதும் பரிசளிப்பின் ஒரு பகுதியே. சென்னின் 'ஃப்ளோ' முதலில் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் இயங்கியது. 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டதால், அந்த முதல் வடிவம் இன்றைய வழக்கமான உலாவிகளில் நேரடியாக ஓடாது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படியை 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெறும் நூலகங்களுள் ஒன்றான கன்னிமாரா, ராயப்பேட்டைக்கு அருகில் எழும்பூரில்தான் உள்ளது. ஆனால் வீடியோ கேம்கள் அச்சட்டத்துக்குள் வருவதில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேமிக்கும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறும் பி.டி.எஃப். கோப்பில் விளையாட்டு ஓடாது. ஆகவே விருது வழங்கும் கல்லூரியே மூல நிரலையும், விதிகளின் விளக்கத்தையும், பிறர் அதை ஆடும்போது எடுத்த காணொளியையும் தன் நூலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அதன்பின் சான்றிதழை மாணவர் கையில் கொடுப்பது பொருத்தமாக இருக்கும்.