நின்றது வேறு, துண்டித்தது வேறு

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில், தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து ஓயாத இரைச்சல் வந்தது. வயர்மேன் வந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் நின்றது. "நிறுத்தியாச்சு அண்ணே, தாராளமா பாருங்க" என்றேன்.

பெட்டியைத் திறந்தவர் முதலில் டெஸ்டரை வைத்தார். அது எரிந்தது. "மோட்டார்தான் நின்னிருக்கு சார், கரண்ட் நிக்கலையே" என்றார். இயற்பியல் ஆசிரியரான எனக்கு உடல் சிலிர்த்தது. என் சொல்லை நம்பி அவர் நேராகக் கை வைத்திருந்தால்? மெயின் சுவிட்சை அணைக்கப் போனோம். அது உடைந்த பெஞ்சுகளின் குவியலுக்குப் பின்னால் இருந்தது.

அன்று நான் செய்த பிழை எது? பச்சைப் பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் மின்காந்தம் தொடுமுனைகளை இழுத்து மூடுகிறது. மூன்று ஃபேஸ் மின்சாரம் மோட்டாருக்குச் செல்கிறது. சிவப்புப் பொத்தான் அந்த மின்காந்தச் சுருளின் மின்னோட்டத்தை மட்டுமே நிறுத்துகிறது. பெட்டிக்குள் வரும் கம்பிகளில் 415 வோல்ட் அப்படியே இருக்கும். தானியங்கி அமைப்பு இருந்தால், யாரும் தொடாமலே மோட்டார் மீண்டும் ஓடவும் கூடும்.

அதனால்தான் தொழிற்சாலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு மின்சாரத்தை முழுமையாகப் பிரிக்கும் துண்டிப்பான் கட்டாயம். இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான ஐ.ஈ.சி. 60204-1 என்ற பன்னாட்டுத் தரநிலை இதற்குத் தெளிவான நிபந்தனைகளை வகுத்துள்ளது.

துண்டிப்பானின் கைப்பிடியைப் பலகையின் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து இயக்க முடிய வேண்டும். 'I', 'O' என்ற குறிகள் இருக்க வேண்டும். எல்லாத் தொடுமுனைகளும் உண்மையிலேயே விலகிய பிறகுதான் அது 'O' நிலையைக் காட்ட வேண்டும். அந்த நிலையில் பூட்டுப் போடும் வசதியும் வேண்டும். வேலை செய்பவர் சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், வேறொருவர் தெரியாமல் மின்சாரத்தைத் திருப்பிவிட முடியாது. கைப்பிடி தரையிலிருந்து 0.6 மீட்டருக்கும் 1.9 மீட்டருக்கும் இடையில், எளிதில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். பெஞ்சுகளின் பின்னால் இருந்த எங்கள் சுவிட்ச் அந்தத் தேர்வில் தோற்றிருக்கும்!

துண்டிப்பானின் திறனுக்கும் ஒரு கணக்கு உண்டு. மிகப் பெரிய மோட்டார் சுழல முடியாமல் சிக்கி நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தையும், மற்ற மோட்டார்களின் இயல்பான மின்னோட்டத்தையும் கூட்ட வேண்டும். 10 ஆம்பியர் மோட்டார் ஒன்று சிக்கினால் 6 மடங்கு இழுக்கிறது என்று கொள்வோம்: 60 ஆம்பியர். மற்ற இரண்டும் 8, 4 என்றால் மொத்தம் 72 ஆம்பியர். அவ்வளவையும் அது பாதுகாப்பாக முறிக்க வேண்டும். மின்னோட்டவியல் பாடத்தில் மாணவர்களே போட்டுப் பார்க்கத் தக்க கணக்கு இது.

ஓர் எச்சரிக்கை. துண்டிப்பானை அணைத்த பிறகும், அதற்குள் வரும் கம்பிகளின் முனைகளில் மின்சாரம் இருக்கும். பராமரிப்புக்கான விளக்கு போன்ற சில சுற்றுகள் தனியே உயிரோடு இருக்கவும் தரநிலை இடம் தருகிறது. அவற்றுக்கு எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஆகவே அணைப்பது, பூட்டுவது, டெஸ்டரால் சோதிப்பது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதையும் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் இதைக் கற்பிக்க மின்பெட்டியைத் திறக்க வேண்டாம். சுவரில் 0.6, 1.9 மீட்டர் உயரங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து, "ஏன் இந்த எல்லை?" என்று கேளுங்கள். குனியவும் எம்பவும் முயன்று மாணவர்களே விடை சொல்வார்கள்.

எங்கள் பள்ளியில் அன்று மாலையே பெஞ்சுகளை அகற்றினோம். மறுநாள் ஒரு பூட்டு வாங்கினோம். உங்கள் பள்ளியின் மெயின் சுவிட்ச் முன்னால் இப்போது என்ன இருக்கிறது? நாளை ஒருமுறை போய்ப் பாருங்கள்.